கடல்மேற் சிறை

தமிழன் கடலுக்கு அஞ்சியவன் அல்லன் என்னும் பெருமிதச் செய்தியை நாம் சங்க மேடைகளில் ஆண்டுதோறும் கேட்டு மகிழ்கிறோம். கங்கைக் கரையில் வாழும் நமக்கு அதில் தனி உவகையும் உண்டு. கங்கைவரை படை செலுத்திக் கங்கைகொண்டான் எனப் பெயர் பூண்ட இராசேந்திர சோழன், 1025ஆம் ஆண்டையொட்டிக் கப்பற்படையைக் கீழைக் கடலில் ஏவிக் கடாரமும் கொண்டான். அக்கடாரமே இன்றைய மலேசிய நாட்டின் கெடா. பினாங்குத் தீவு அதன் கரைக்கு எதிரே இருக்கிறது.

தமிழர் அதே கடலை வேறொரு கோலத்தில் கடந்த காலமும் உண்டு. இராசேந்திரன் படை சென்று ஏறத்தாழ எழுநூற்றெழுபத்தைந்து ஆண்டுகள் கழிந்தபின், அவனுடைய நாட்டின் தென்கோடித் துறைமுகம் ஒன்றிலிருந்து எழுபத்து மூன்று தமிழ்நாட்டு வீரர்கள் காலில் விலங்குடன் கப்பலேற்றப்பட்டனர். அவர்கள் கொண்டுபோகப்பட்ட இடம் கடாரத்துக் கரைக்கு எதிரேயுள்ள அந்தப் பினாங்குத் தீவே. வென்ற கதையைப் பாடும் நாம் இந்தக் கதையையும் அறிந்திருத்தல் வேண்டும். வென்றவர் கல்வெட்டுப் பொறித்து வைப்பர். விலங்கிடப்பட்டவருக்குக் கல்வெட்டு ஏது? நாம் நினைத்தால்தான் அவர்கள் உண்டு.

தூத்துக்குடித் துறையில்

1799ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் வீரபாண்டியக் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டான். அத்தோடு தென்பாண்டிச் சீமை அடங்கிவிடும் எனக் கும்பினியார் கருதினர். ஆனால் 1801ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினான். இடித்துத் தரைமட்டமாக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மீண்டும் எழுந்தது. அது மே 24ஆம் நாள் வீழ்ந்தபின் போர் சிவகங்கைச் சீமைக்கு மாறியது. மருதிருவர் ஊமைத்துரைக்குப் புகலிடம் தந்தனர். சூன் 16ஆம் நாள் சின்ன மருது திருச்சிராப்பள்ளியில் ஓர் அறிக்கையை வெளியிட்டான். எல்லாச் சாதியாரையும் சமயத்தாரையும் அந்நியரை எதிர்க்க அறைகூவி அழைத்த அவ்வறிக்கை நம் நாட்டு விடுதலை வரலாற்றின் மிகப் பழைய ஆவணங்களுள் ஒன்று. அக்டோபர்த் தொடக்கத்தில் காளையார்கோயில் வீழ்ந்தது. 24ஆம் நாள் மருதிருவர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். நவம்பர் 16ஆம் நாள் ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கு மேடை ஏறினான்.

நம் நூல்களுட் பெரும்பாலானவை இந்த இடத்தில் கதையை முடித்துவிடுகின்றன. தூக்கிலிடப்படாது எஞ்சியோரின் கதையோ அதன் பிறகுதான் தொடங்குகிறது. 1802ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் அவர்களுள் எழுபத்து மூவர் தூத்துக்குடியில் 'அட்மிரல் நெல்சன்' என்னும் கப்பலில் ஏற்றப்பட்டனர். மருதிருவர் சிவகங்கை அரசராக ஏற்றுப் போற்றிய வேங்கன் பெரிய உடையத் தேவர் அவர்களுள் ஒருவர். வாராப்பூர்ப் பாளையக்காரர் பொம்ம நாயக்கரும், இராமநாதபுரத்துச் செகந்நாத ஐயரும் உடன் சென்றனர். சின்ன மருதுவின் மகன் துரைச்சாமியும் அக்கூட்டத்தில் இருந்தான். அவனுக்கு அப்போது வயது பதினைந்து என்பர். தேவரும் நாயக்கரும் ஐயரும் ஒரே கப்பலின் அடித்தளத்தில் கிடந்தனர். திருச்சிராப்பள்ளி அறிக்கை வேண்டிய ஒற்றுமையைக் கும்பினியின் சங்கிலியே நிறைவேற்றி வைத்தது.

கப்பலின் வயிற்றுக்குள்

பாய்மரக் கப்பல்களில் கைதிகளை வைக்குமிடம் மேல்தளத்துக்கும் சரக்கறைக்கும் இடைப்பட்ட தளம். நெடிய மனிதன் நிமிர்ந்து நிற்க முடியாத உயரமே அதற்கு இருக்கும். சாளரம் போன்ற சிறு துளைகளே காற்றுக்கு வழி. கடல் கொந்தளித்தால் அவற்றையும் அடைத்துவிடுவர். அடியில் தேங்கிய நீரின் நாற்றம், தார் நாற்றம், வாந்தியின் நாற்றம், மூலையில் வைத்த மலத்தொட்டியின் நாற்றம் ஆகிய அனைத்தும் அந்த இருளுக்குள் அடைபட்டிருக்கும். கடலையே காணாத உள்நாட்டுச் சீமைக்காரர்கள் முதன்முதலாகக் கடலை அறிந்தது இந்த இருட்டறைக்குள்தான்.

இவர்கள் இருவர் இருவராக விலங்கில் பிணைக்கப்பட்டனர் என வரலாற்றாசிரியர் எழுதுவர். அதன் பொருளைச் சற்று எண்ணிப் பார்ப்போம். ஒருவன் புரண்டு படுத்தால் மற்றவனும் புரள வேண்டும். ஒருவனுக்கு வயிற்றுக்கடுப்பு வந்தால் மற்றவனும் அவனோடு நள்ளிரவில் எழுந்து மலத்தொட்டிவரை தவழ வேண்டும். ஒருவனுக்குக் காய்ச்சல் கண்டால் அந்த மூச்சுக்காற்றை விட்டு மற்றவன் ஒரு முழம் விலகிப் படுக்கவும் இயலாது. கணுக்காலில் இரும்பு உராய்ந்த இடம் உப்புநீர் பட்டுப் புண்ணாகும். அப்புண் ஈரத்தில் ஆறாது.

உணவின் துன்பம் மற்றொன்று. வங்காளத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் சென்ற கைதிக் கப்பல்களில், பிறர் சமைத்ததை உண்ணாத சாதிக் கட்டுப்பாடு கருதி, சமைத்த சோற்றுக்குப் பதிலாக அவலும் வறுத்த கடலையும் போன்ற உலர்ந்த பொருள்களைத் தருவது வழக்கமாக இருந்தது. கரிசனமாகத் தோன்றும் இவ்வேற்பாடு செலவையும் குறைத்தது. ஆனால் காய்கறியோ கனியோ இன்றி உலர் தவசத்தையே தின்று பல வாரம் கிடப்பவனை ஈறு வீங்கிப் பல் ஆடும் சொறிகரப்பான் நோய் பற்றும். அதற்கு மருந்து அக்காலத்தில் அறியப்படாததா என்றால், இல்லை. ஸ்காட்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் லிண்டு எலுமிச்சையின் பயனை 1747ஆம் ஆண்டிலேயே கப்பலில் சோதித்துக் கண்டார். 1795ஆம் ஆண்டு முதல் ஆங்கிலக் கடற்படை தன் மாலுமிகளுக்கு எலுமிச்சைச் சாறு வழங்கலாயிற்று. 1802ஆம் ஆண்டில் அவ்வறிவு கடற்படைக்கு ஏழாண்டுப் பழமையுடையது.

தூத்துக்குடியிலிருந்து பினாங்கு அடைய இவர்களுக்கு எழுபத்தாறு நாள் ஆயிற்று என்பர். பிப்ரவரியில் வங்கக் கடலில் வடகிழக்குக் காற்று வீசும். கிழக்கு நோக்கிச் செல்லும் பாய்க்கப்பலுக்கு அது எதிர்க்காற்று. காற்று மாறும்வரை காத்திருந்து அனுப்பியிருக்கலாம். ஆனால் அவர்கள் தமிழ் மண்ணில் இன்னும் சில வாரம் இருப்பதே ஆபத்தெனக் கும்பினியார்க்குத் தோன்றியிருக்க வேண்டும். விளைவாக ஏறத்தாழ இரண்டரைத் திங்கள் அவர்கள் அந்த இருளில் கிடந்தனர். வழியிலேயே சிலர் மாண்டனர். கரை சேர்ந்தோருள்ளும் பலர் அவ்வாண்டு முடிவதைக் காணவில்லை.

பிற கடல்களில்

இக்கொடுமை தமிழர்க்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்கக் குடியேற்றங்கள் விடுதலைப் போர் தொடங்கியபின் கைதிகளை அனுப்ப இடமின்றி, 1776ஆம் ஆண்டு முதல் பழங்கப்பல்களைத் தேம்சு ஆற்றில் நங்கூரமிட்டுச் சிறையாக்கினர் ஆங்கிலேயர். சில காலத்துக்கென வகுத்த அந்த ஏற்பாடு எண்பதாண்டு நீடித்தது. முதல் இருபது திங்களில், 1776 ஆகஸ்டு முதல் 1778 மார்ச்சு வரை, அடைக்கப்பட்ட 632 பேரில் 176 பேர் இறந்தனர். இறந்தோர் ஆங்கிலேயரே. தம் இனத்தாரையே இவ்வாறு நடத்தியவர் பிற இனத்தாரை எவ்வாறு நடத்துவர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

நியூசிலாந்து நாட்டின் மாவோரி மக்களும் தம் நிலத்தைக் காக்கப் போரிட்டவர்கள். 1863ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் ரங்கிரிரி என்னுமிடத்தில் நடந்த போரில் ஏறத்தாழ 180 பேர் பிடிபட்டனர். அவர்கள் ஆக்லாந்துத் துறைமுகத்தில் நின்ற 'மேரியன்' என்னும் பழங்கப்பலில் பல திங்கள் அடைக்கப்பட்டனர். காட்டிலும் வயலிலும் திரிந்த மக்கள் தங்கள் நாட்டுக் கரை கண்ணுக்குத் தெரியும் தொலைவில், காற்றும் ஒளியும் குறைந்த தளத்தில் நெருங்கிக் கிடந்தனர். அவர்கள் போர்க் கைதிகளா, அரசுக்கு எதிராகக் கலகம் செய்த குற்றவாளிகளா என்பதைக்கூட அரசினர் தெளிவாக முடிவு செய்யவில்லை. 1864ஆம் ஆண்டு அவர்களைக் காவௌ தீவுக்கு மாற்றினர். செப்டம்பர்த் திங்களில் ஓரிரவு ஏறத்தாழ அனைவருமே படகேறிக் கரை சேர்ந்து தப்பினர். நம் எழுபத்து மூவருக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. மாவோரியருக்குக் கரை கண்ணெதிரே இருந்தது. நம்மவர்க்குக் கரை ஒரு பெருங்கடலுக்கு அப்பால் இருந்தது.

கைதிக் கப்பலில் சாவு தவிர்க்க முடியாததா என்னும் கேள்விக்கும் வரலாறு விடை தருகிறது. 1790ஆம் ஆண்டு ஆசுத்திரேலியாவுக்குக் கைதிகளை ஏற்றிச் சென்ற இரண்டாம் கப்பல் வரிசையில் ஏறத்தாழக் கால்பங்கினர் வழியிலேயே இறந்தனர். குத்தகைதாரர்க்கு ஏற்றிய தலைக்கு இவ்வளவு எனப் பணம் பேசப்பட்டிருந்தது. உயிரோடு இறக்குவதில் அவர்களுக்கு ஆதாயமில்லை. பின்னர் நலமாகக் கரை சேர்ந்தோரைக் கொண்டு கூலி கணக்கிடும் முறை வந்தது. மருத்துவருக்கும் அதிகாரம் தரப்பட்டது. சாவு பெரிதும் குறைந்தது. கடல் அதே கடலாக இருந்தது. மாறியது ஒப்பந்தத்தின் வாசகம் மட்டுமே.

நாம் வாழும் நகரத்திலிருந்து

கொல்கத்தாத் துறைமுகமும் இக்கதையில் பங்குடையது. அலிப்பூர்ச் சிறையில் சேர்க்கப்பட்ட கைதிகள் இங்கிருந்தே பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பின்னர் அந்தமானுக்கும் கப்பலேறினர். அக்கப்பலை அவர்கள் 'ஜீத்தா ஜனாசா' என்று வழங்கினர். உயிரோடு செல்லும் பாடை என்று அதைத் தமிழில் சொல்லலாம். 1846ஆம் ஆண்டு கொல்கத்தாவிலிருந்து பினாங்கு சென்ற 'கிளாரிசா' கப்பலில் 131 ஆயுள் கைதிகள் இருந்தனர். அவர்கள் நடுக்கடலில் எழுந்து கப்பல் தலைவனைக் கொன்று கப்பலையே கைப்பற்றினர்.

அக்காலத்துக் கைதியின் மனத்தை அறிய ஒரு செம்பின் கதையே போதும். 1855ஆம் ஆண்டு வங்க மாகாணத்தைச் சேர்ந்திருந்த ஆராவிலும் முசாபர்பூரிலும் கைதிகளின் பித்தளைச் செம்புகளைப் பறித்து மண்கலங்களைத் தர முற்பட்டனர். செம்பு ஆயுதமாகலாம் என்பது அதிகாரிகளின் அச்சம். ஆனால் தேய்த்துக் கழுவித் தூய்மை செய்யத் தக்கது உலோகக் கலமே. மண்கலமோ ஒருமுறை தீட்டுப்பட்டால் பட்டதுதான். இரு ஊர்களிலும் பெருங்கிளர்ச்சி மூண்டது. எல்லாவற்றையும் இழந்தவனுக்கு அந்தச் செம்பே எஞ்சிய மானம். நலவாழ்வு என்பது உடலோடு முடிவதன்று என்பதை அந்தக் கைதிகள் உணர்ந்திருந்தனர்.

1857ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சிக்குப்பின் அந்தமானைத் தண்டனைத் தீவாக்க முடிவாயிற்று. 1858ஆம் ஆண்டு மார்ச்சு 4ஆம் நாள் 'செமிராமிசு' என்னும் நீராவிக் கப்பல் 200 கைதிகளுடன் கொல்கத்தாவை விட்டுப் புறப்பட்டு, 10ஆம் நாள் போர்ட் பிளேயர் சேர்ந்தது. பொறுப்பேற்றுச் சென்றவர் ஜே. பி. வாக்கர் என்னும் மருத்துவர். நோய் தீர்க்கக் கற்றவரே அங்கே சிறை அதிகாரியானார். முதலில் இறங்கிய சாத்தம் தீவில் நல்ல நீர் போதவில்லை. காட்டை வெட்டிக் குடிசை கட்டுமுன் மழைக்காலமும் வந்தது.

அவ்வாண்டு சூன் நடுவில் எழுதப்பட்ட கணக்கு ஒன்று உண்டு. வந்து சேர்ந்த கைதிகள் 773. மருத்துவமனையில் இறந்தோர் 64. தப்பியோடிப் பிடிபடாதோர் 140. தப்பி மீண்டும் பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டோர் 87. தாமே தூக்கிட்டுக்கொண்டவர் ஒருவர். எஞ்சியோர் 481. அலுவலகத்தில் நாள்தோறும் கூட்டல் கழித்தல் பார்த்துப் பழகிய கை, இதையும் தன்னையறியாமல் சரிபார்த்தது. கணக்கு ஒன்றும் பிசகவில்லை. மூன்று திங்களில் 292 மனிதர் கழிந்திருந்தும் ஏடு நேராக நிற்கிறது. கணக்கு நேராக இருப்பதால் காரியமும் நேராக நடந்ததாகப் பொருளில்லை என்பதை, அரசுப் பணியில் இருக்கும் நம் போன்றோர் மறவாதிருப்பது நன்று.

அரை நூற்றாண்டு கடந்தும் கப்பலின் அடித்தளம் பெரிதும் மாறவில்லை. அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் தண்டனை பெற்ற பாரீந்திர குமார கோசு, உல்லாசுகர் தத்தர் முதலியோர் 1909ஆம் ஆண்டு இங்கிருந்து 'மகாராசா' கப்பலில் அந்தமான் சென்றனர். 1911ஆம் ஆண்டு சூன் திங்களில் சாவர்க்கர் சென்னைத் துறைமுகத்தில் அதே கப்பலில் ஏற்றப்பட்டார். கைதிகள் நெருங்கிக் கிடந்த அடித்தளத்தில் மலத்தொட்டியின் அருகில் தமக்கு இடம் வாய்த்ததை அவர் தம் நூலில் எழுதியுள்ளார். உல்லாசுகர் சிறைக் கொடுமையால் 1912ஆம் ஆண்டு மனநிலை பிறழ்ந்தார். பின்னர் அவரைச் சென்னை மனநல மருத்துவமனைக்கே கொண்டுவந்தனர். 1920ஆம் ஆண்டு விடுதலையாகும்வரை அந்த வங்க வீரர் வாழ்ந்தது தமிழ் மண்ணில். தமிழர் வங்காளத்தில் வாழ்வதைப் பேசும்போது இந்த வங்காளியையும் நாம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

துரைச்சாமியின் கடிதம்

பினாங்குக்குத் திரும்புவோம். ஜேம்ஸ் வெல்ஷ் என்பவர் கும்பினிப் படையில் பணியாற்றியவர். போருக்கு முன் மருதிருவரோடு நெருங்கிப் பழகியவர். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்றுத் தந்தவன் சின்ன மருதுவே என நன்றியோடு எழுதுகிறார். அவரே பின்னர் மருதிருவரை எதிர்த்துப் போரிட்ட படையிலும் இருந்தார். தன் நண்பனின் மகன் நாடு கடத்தப்பட்டபோது அவனுடைய விலங்கின் சுமையைச் சற்றுக் குறைக்கத் தம்மால் இயன்றது என்றும் குறிக்கிறார்.

1818ஆம் ஆண்டு வெல்ஷ் பினாங்கு சென்றார். ஒருநாள் அவரைக் காணத் தளர்ந்த கிழவன் ஒருவன் வந்தான். பெயர் கேட்டபோது 'துரைச்சாமி' என்றான். அந்தச் சொல் வெல்ஷின் நெஞ்சில் வாளாய்ப் பாய்ந்தது. அவன் கிழவனல்லன். கணக்கிட்டால் வயது முப்பதைச் சிறிது கடந்திருக்கும். பதினாறு ஆண்டுத் தீவாந்தரம் பதினைந்து வயதுப் பிள்ளையைக் கிழவனாக்கிவிட்டது. கப்பலிலும் தீவிலும் கைதிகள் பட்டது என்ன என்பதற்கு எந்த மருத்துவ அறிக்கையும் இதனைவிடத் தெளிவாகச் சான்று கூறாது.

அவன் விடுதலை கேட்கவில்லை. ஊரில் எஞ்சியிருக்கும் தன் உறவினர்க்கு ஒரு கடிதம் கொண்டுசேர்க்க வேண்டும் என்று மட்டும் வேண்டினான். கைதியிடமிருந்து கடிதம் பெறுதல் விதிக்கு முரண் என்பதால் தம்மால் இயலவில்லை என வெல்ஷ் வருந்தி எழுதுகிறார். சின்ன மருதுவிடம் வளரி வீசக் கற்ற கை, அவன் மகனின் கடிதத்தை வாங்க நீளவில்லை. வெல்ஷ் கொடியவர் அல்லர். அவர் எழுதி வைத்ததால்தான் இச்செய்தியே நமக்குக் கிடைத்தது. நல்லவர் ஒருவரையும் விதி என்னும் சொல் எவ்வளவு தூரம் கட்டிப்போடும் என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்று. அக்கடிதத்தில் என்ன இருந்திருக்கும் என்பதை இனி யாரும் அறியப்போவதில்லை.

1906

முடிக்குமுன் ஓர் ஆண்டை நினைவூட்ட விரும்புகிறேன். 1906ஆம் ஆண்டு வங்கத்தில் சுதேசி இயக்கத்தின் விளைவாகத் தேசியக் கல்விக் கழகம் தோன்றியது. அதன் கல்லூரிக்கு முதல்வராக அமர்ந்த அரவிந்தர் பின்னர் 1910ஆம் ஆண்டு கப்பலேறிப் புதுச்சேரி வந்து தமிழ் மண்ணிலேயே நிலைத்தார். அக்கழகத்தின் வழிவந்ததே 1955ஆம் ஆண்டு முதல் பல்கலைக்கழகமாய் நம் ஜாதவ்பூரில் விளங்குவது. அதே 1906ஆம் ஆண்டு, அதே சுதேசிக் கனல் பற்றி, தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். விலங்கிட்ட எழுபத்து மூவரை ஏற்றிச் சென்ற துறைமுகத்தில், நூற்று நான்கு ஆண்டுகள் கழித்துத் தமிழன் தன் சொந்தக் கப்பலை விட முனைந்தான். அக்குற்றத்துக்காகவே போலும், 1908ஆம் ஆண்டு அவருக்கு முதலில் விதித்த தண்டனையும் தீவாந்தரமே. அது பின்னர்க் குறைக்கப்பட்டது. அவர் சிறையில் செக்கிழுத்ததை நாடறியும்.

ஜாதவ்பூரில் நாள்தோறும் அந்தப் பல்கலைக்கழக வாயிலைக் கடந்து செல்லும் தமிழர் நம்மில் பலர். தூத்துக்குடியும் இவ்விடமும் ஒரே ஆண்டில் ஒரே மூச்சை விட்டன என்பதை அவ்வாயிலில் ஒரு நாளேனும் நின்று எண்ணிப் பார்க்கலாம். அப்போது அந்த எழுபத்து மூவரையும் எண்ண வேண்டும். துரைச்சாமியின் கடிதம் ஊர் போய்ச் சேரவில்லை. அவன் உறவினர் எங்கோ அறியோம். ஆயினும் அவன் மொழியைப் பேசுவோர் நாம் இருக்கிறோம். இந்தச் சில பக்கங்களை அக்கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்கு நாம் அனுப்பும் மறுமொழியாகக் கொள்வோமாக.